மூன்றாவது ஏன்

கடந்த வாரம் என் கணினியை அணைத்துப் போட்டு, பயோஸ் திரைக்குள் போய், 50 என்று இருந்த ஓர் எண்ணை 43 என்று மாற்றினேன். பத்து விநாடி வேலை. நான்கு வருடமாக அந்த எண் 50-ஆகத்தான் இருந்தது. அதை அங்கே நிற்க வைக்க எனக்கு எட்டு இரவுகள் பிடித்தன. ஏன் இறக்கினேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அந்த எட்டு இரவுகளைச் சொல்லியாக வேண்டும்.

2021-இல் வேலையில் சேர்ந்து முதல் போனஸ் வந்த கையோடு பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. பினாங்கு சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் அறை எடுத்திருந்தேன். ஏர்கோன் கிடையாது, ஒரு மேசைக் காத்தாடிதான். பிராசசரில் ஆறு மையங்கள். ஆறும் ஒன்றாக முழுப் பாரத்தில் ஓடும்போது 4.3 கிகாஹெர்ட்ஸ் என்பது செய்தவர்கள் வைத்த கணக்கு. நான் அதை 5.0-க்குத் தள்ளினேன்.

அவ்வளவு வேகம் எனக்குத் தேவையா என்றால், இல்லை. நான் விளையாடுகிற விளையாட்டுகள் 4.3-லேயே வழுக்கிக்கொண்டு ஓடின. ஓவர்கிளாக் செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, கிட்டத்தட்ட ஒரு மதம் மாதிரி: பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பொய், உள்ளே இன்னும் இருக்கிறது, நம்மிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டிய நூற்றுக்கணக்கான சிப்புகளில் எந்த இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. தூசி அடைத்த காத்தாடியோடு, வெயில் நாட்டில், ஐந்து வருடம் கழித்தும் தப்பாமல் ஓட வேண்டும் என்று பார்த்து, கொஞ்சம் கீழே நிறுத்தி ஒரு வேகத்தை அச்சடிக்கிறார்கள். அந்த இடைவெளியை நான் 'மிச்சம்' என்று நினைத்தேன். இன்று அதற்கு வேறு பெயர் சொல்வேன்.

ஒரு சிப்பை வேகமாக ஓட்டுவது என்றால் என்ன? உள்ளே ஒரு கடிகாரம் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மின்சாரச் சமிக்ஞை ஆயிரக்கணக்கான பாதைகளில் ஓடி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 500 கோடித் தட்டுகள். மிக நீளமான பாதையில் போகிற சமிக்ஞை கொஞ்சம் பிந்திவிட்டால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடும். பிந்தாமல் இருக்க மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சூடாகும். சூடானால் மறுபடி பிந்தும்.

இந்தச் சுழலுக்குக் கணக்கும் உண்டு. மின்சாரச் செலவு வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தோடு இருமடியாக ஏறும். நான் 1.2 வோல்ட்டிலிருந்து 1.34-க்குப் போனேன். பெருக்கிப் பாருங்கள்: கிடைத்தது 16 விழுக்காடு வேகம், கொடுத்தது ஏறக்குறைய 45 விழுக்காடு கூடுதல் சூடு.

சோதிக்க நான் ஓட்டியது பிரைம்95. ஜோர்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகாஎண் தேடலுக்காக எழுதப்பட்ட நிரல் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் அதை ஓட்டி, இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் பிரம்மாண்டமான எண்களில் பகாஎண்ணைத் தேடுகிறார்கள். அதிலேயே 'சித்திரவதைச் சோதனை' என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயர் நான் வைத்ததல்ல. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து மணிக்கணக்கில் போட வைக்கும். வந்த விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடும். அடுப்பில் வைத்த மாதிரி சிப் கொதிக்கும்.

முதல் இரவு நான்கே நிமிடத்தில் திரை அணைந்து கணினி தானாக மறுபடி எழுந்தது. இரண்டாம் இரவு கொஞ்சம் மின்னழுத்தம் கூட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஆறில் ஒரு மையம் மட்டும் நின்றது. அது காட்டிய பிழைச் செய்தியை நான் இன்னும் மறக்கவில்லை. 0.4-க்குள் இருக்க வேண்டிய ஒன்று 0.5 வந்துவிட்டது என்றது. விஷயம் இதுதான். அந்தப் பெரிய பெருக்கல்களைத் தசம எண்களில் போட்டு, கடைசியில் பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுவருவார்கள். 7.02 வந்தால் 7. 6.9 வந்தாலும் 7. ஆனால் 7.5 வந்தால் 7-ஆ, 8-ஆ? இரண்டு உண்மைகளுக்கும் சரிபாதித் தூரத்தில் நிற்கிறது சிப். எந்தப் பக்கம் போனாலும் ஊகம்தான். மற்ற ஐந்து மையங்களும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன.

ஐந்தாம் இரவு மழை பெய்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்பது மணி நேரமாக ஒரு பிழையும் இல்லை. நண்பர்களுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அதே எண்களோடு ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் ஒரு மையம் விழுந்தது. அன்று அறைக்குள் 33 பாகை. வெப்பநிலை அட்டவணை போட்டுப் பெருமை பேசுகிற வெள்ளைக்காரப் பையன்கள் 20 பாகை அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். அவர்களுடைய 80 எனக்கு 93. நான் சோதித்தது சிப்பை மட்டுமல்ல, மழையையும் சேர்த்துத்தான்.

எட்டாம் இரவு காத்தாடியை மாற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, இருபத்து நான்கு மணி நேரம் ஓட்டித் 'தேறியது' என்று முடிவு கட்டினேன்.

எத்தனை மணி நேரம் ஓட்டினால் போதும் என்பது இந்த வட்டாரத்தில் தீராத சண்டை. ஒரு மணி போதும் என்பார்கள் சிலர், இருபத்து நான்கு என்பார்கள் வேறு சிலர். இருபத்து மூன்றாம் மணியில் விழுந்த கதையும் எல்லாரிடமும் இருக்கும். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், பிழை இல்லை என்று காட்டவே முடியாது என்று நிரல்களைப் பற்றி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969-லேயே சொல்லிவிட்டார். தேறியது என்று நாம் சொல்வதற்கு 'இதுவரை பிடிபடவில்லை' என்பதற்கு மேல் பொருள் இல்லை. மெர்சென் தேடல்காரர்களும் நீண்ட காலம் ஒரே ஒரு கணினி சொன்ன விடையை நம்பியதில்லை. இன்னொருவர் வீட்டுக் கணினியில் அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்றார்கள்.

அணைந்துபோகிற கணினி நேர்மையானது. என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு விழுகிறது. பயப்பட வேண்டியது விழாததைத்தான். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையை வேலை நிமித்தமாகப் படித்தேன். அவர்களுடைய சர்வர்களில் சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் மட்டும் காணாமல் போயின. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. தேடிக்கொண்டே போய்க் கடைசியில் பிடித்தது ஒரு பிராசசரின் ஒரே ஒரு மையத்தை. 1.1-ஐ 53-ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும். அந்த மையம் 0 என்றது. 52-ஆம் அடுக்குக்குச் சரியான விடை சொன்னது. 53-க்கு 0. கோப்பின் அளவு 0 என்று வந்தால் அது காலிக் கோப்பு. காலிக் கோப்பை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தச் சிப்பை யாரும் ஓவர்கிளாக்கூடச் செய்திருக்கவில்லை. தான் தப்புச் செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. தெரியாமலேயே வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

வேலைக்கு வந்து போவது என்று ஒரு சிப்பைச் சொல்கிறேனே, அது தவறி வந்த சொல் அல்ல.

நான் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். நிபோங் திபால் வளாகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். எங்கள் பிரிவின் வேலை பர்ன்-இன். புதிய சிப்புகளில் பலவீனமானவை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே செத்துவிடும். அந்தச் சாவு வாங்கியவர் வீட்டில் நடக்காமல் எங்கள் அடுப்பில் நடந்துவிட வேண்டும். அதனால் பலகைகளில் அடுக்கி, 125 பாகை அடுப்பில், கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தத்தில் பல மணி நேரம் வைத்து எடுக்கிறோம். புடம் போடுவது என்று நம்மில் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். வீட்டில் நான் விளையாட்டாகச் செய்ததை இங்கே சம்பளத்துக்குச் செய்கிறார்கள்.

இரவு ஷிப்டில் ஓர் அண்ணன் இருந்தார், டெக்னீஷியன். நாற்பதைக் கடந்தவர். பிறையிலிருந்து பாலம் தாண்டி கம்பெனி பஸ்ஸில் வருவார். மற்றவர்கள் முன்னால் என்னை 'போஸ்' என்பார், தனியாக இருக்கும்போது 'தம்பி'. எந்த அடுப்பின் கதவு சரியாக மூடாது, எந்தப் பலகையில் எந்த ஊசி தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். நான் சேர்ந்த புதிதில் படத்தில் மட்டுமே பார்த்திருந்த இயந்திரங்களை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

போன வருடக் கடைசியில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. யாரை வைத்து ஓட்டுவது என்று மேலாளர் கேட்டபோது நான் அண்ணன் பெயரைச் சொன்னேன். தாங்குவாரா என்று கேட்டார். நான் சொன்னது இரண்டே சொல்: "ஹி கேன்." மலேசியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் 'கேன்' எவ்வளவு இலேசான சொல் என்று தெரியும். கேட்டவரும் யோசிக்க வேண்டாம், சொன்னவரும் யோசிக்க வேண்டாம்.

நான் பொய் சொல்லவில்லை. அதற்கு முந்திய மாதங்களில் அவர் தாங்கியிருந்தார். ஒரு வாரம் கூடுதல் ஷிப்ட் போட்டோம், விழவில்லை. இரண்டு வாரம் போட்டோம், விழவில்லை. ஒவ்வொரு முறை விழாததும் அடுத்த முறைக்கு அனுமதிச் சீட்டாயிற்று. சோதனையில் தேறியவர்களுக்கு நம் கதைகளில் கிடைக்கிற பரிசும் பெரும்பாலும் இதுதான். சீதை தீயில் இறங்கித் தேறினாள். உத்தரகாண்டத்தில் அவளுக்குக் கிடைத்தது காடு.

அந்த மாதம் அவருடைய ஓ.டி. 98 மணி. சட்டத்தின் உச்ச வரம்பு மாதத்துக்கு 104. பார்த்தீர்களா, வரம்புக்குள்தான் இருந்தோம். எட்டாம் இரவில் என் பிராசசர் 93 பாகையில் நின்றபோதும் நான் இப்படித்தான் சொன்னேன்: உச்ச வரம்பு 100, நாம் 93, எல்லாம் ஒழுங்கு. வரம்பு என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்று வைத்த கோடு. அதன் ஓரத்திலேயே குடியிருக்கலாம் என்று சொல்கிற உரிமைப் பத்திரம் அல்ல. அந்த வித்தியாசம் தெரிவதற்காகத்தான் என்னை நான்கு வருடம் படிக்க வைத்தார்கள்.

அவர் விழவில்லை. அணைந்துபோகவில்லை. மருத்துவ விடுப்புக்கூட எடுக்கவில்லை. ஒவ்வோர் இரவும் வந்தார், பலகைகளை அடுக்கினார், மணிக்கொரு முறை ஒவ்வோர் அடுப்பின் வெப்பநிலையையும் தாளில் எழுதினார். மூன்று இரவுகள் 7-ஆம் அடுப்பின் எண்களை 9-ஆம் அடுப்பின் பத்தியில் எழுதியிருந்தார். ஏமாற்ற அல்ல, ஏமாற்ற நினைப்பவர் இன்னும் நன்றாகச் செய்திருப்பார். கண் ஒன்றைப் பார்த்தது, கை ஒன்றை எழுதியது. அந்த மூன்று இரவுகளும் 9-ஆம் அடுப்பு வேண்டிய சூட்டுக்கு 20 பாகை கீழே ஓடியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து இயந்திரத்தின் சொந்தப் பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் சரக்கு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. திரும்ப வரவழைத்து மறுபடி அடுப்பில் வைத்தோம். யாருக்கும் காயமில்லை, பணம்தான் நஷ்டம்.

விசாரணைப் படிவத்தை நிரப்பியது நான். தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு 'ஐந்து ஏன்' தெரிந்திருக்கும். ஜப்பானில் டொயோட்டா பழக்கிவிட்ட முறை. ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேள், வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேள், ஐந்து முறை தோண்டினால் வேர் கிடைக்கும். நான் தோண்டினேன். குறைந்த சூட்டில் சரக்கு ஏன் வெளியே போனது? பதிவில் சரியான சூடு என்று இருந்ததால். பதிவு ஏன் தப்பானது? வேறு அடுப்பின் எண்ணை எழுதியதால். ஏன் வேறு அடுப்பின் எண்ணை எழுதினார்? கவனக்குறைவு. மனிதத் தவறு.

மூன்றாவது ஏன்-இல் நிறுத்திவிட்டேன். படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. நான்காவது ஏன்-க்குப் பதில் என் மேசை இழுப்பறையில் இருந்தது: நான் கையெழுத்துப் போட்ட ஓ.டி. தாள்கள். ஐந்தாவதுக்குப் பதில், 'ஹி கேன்'. இரண்டு கட்டங்களிலும் 'பொருந்தாது' என்று எழுதி அனுப்பினேன். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருட போனஸில் கை வைத்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. விசாரணையை மூன்றே நாளில் முடித்ததற்கு மேலாளர் பாராட்டினார்.

இங்கேதான் எனக்கு என் கணினி ஞாபகத்துக்கு வருகிறது. பிராசசரை ஓவர்கிளாக் செய்தால் அதோடு உத்தரவாதம் முறிந்தது என்பது பொதுவான விதி. செய்தவர்கள் சொல்வது நியாயம்தான்: 4.3 வரை நாங்கள் பொறுப்பு, அதற்கு மேல் நீ தள்ளினாய், அதற்கு மேல் நடப்பதெல்லாம் உன் தலையில். இரண்டாம் இரவு 0.5 வந்தபோது நான் சிப்பைத் திட்டவில்லை. கவனக்குறைவான சிப் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கவில்லை. நான் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டேன் என்றுதான் சொன்னேன். ஒரு சிலிக்கான் துண்டுக்கு நான் யோசிக்காமலே கொடுத்த நீதி அது. அதை அண்ணனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. மனிதரைக் கணக்குக்கு மேல் ஓட்டும்போது மட்டும் உத்தரவாதம் தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. தள்ளியவன் கை கழுவுகிறான், தள்ளப்பட்டவர் கையெழுத்துப் போடுகிறார்.

உற்பத்தியாளர்களே தப்பாகத் தள்ளிவிடுவதும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் சில, நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தடுமாறத் தொடங்கிய விவகாரம் 2024-இல் பெரிதாக வெடித்தது. (நான் வேலை செய்வது அங்கே அல்ல.) தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உள்ளே ஒரு சுற்றைச் சீக்கிரமே மூப்படைய வைத்தது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தச் சிப்புகளும் தேறித்தான் வெளியே வந்தன. முதல் நாள் எந்தச் சோதனையிலும் பிடிபட்டிருக்காது. பாரம் அவற்றை மெல்ல வேறொன்றாக மாற்றியது. பிறகு மின்னழுத்தத்தைக் குறைத்தாலும் போனது திரும்பாது. என்னுடையதும் அப்படித்தான். 2021-இல் 1.34 வோல்ட்டில் நின்ற 5.0-க்கு இந்த வருடம் 1.37 கேட்டது.

எங்கள் பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தை அழிக்கப் போகிறார்கள், மறுநடவு செய்யப் போகிறார்கள் என்றால் கடைசிக் காலத்தில் கண்மண் தெரியாமல் வெட்டச் சொல்வார்களாம். இருக்கிற பட்டையெல்லாம் வெட்டலாம், ஆழம் பார்க்க வேண்டாம், எப்படியும் சாகப் போகிற மரம். அதற்கு முன்னாலேயே பட்டையில் மருந்து தடவிப் பாலைக் கூட்டுவதும் உண்டு. அளவுக்கு மீறித் தடவினால் சில மரங்களில் பால் நின்றுவிடும். மரம் பச்சையாகவே நிற்கும், இலை உதிராது, வெட்டினால் மட்டும் ஒன்றும் வராது. "மரம் வாய் தொறந்து சொல்லாதுய்யா" என்பார் பாட்டி. சொல்லிவிட்டு, "நாங்க மட்டும் சொன்னமா?" என்று சிரிப்பார்.

தமிழில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பொறுமையும் பொறுப்பும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை: பொறு. பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல், பிறர் பிழையை மன்னிப்பதும் பொறுத்தல், ஒரு காரியத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது பொறுப்பு. இதை அழகு என்று பள்ளியில் நினைத்திருந்தேன். இப்போது அதில் ஒரு பொறியும் தெரிகிறது. யார் பொறுத்துக்கொள்கிறாரோ அவர் மேலேயே பொறுப்பும் போய் விழுவதற்கு மொழியே வழி போட்டுக் கொடுத்திருக்கிறதோ? பொறுத்தது அவர், எனவே பொறுப்பும் அவர். நான் பொறுக்கவும் இல்லை, பொறுப்பேற்கவும் இல்லை.

நீங்கள் கேட்கக் கூடிய கேள்வி ஒன்று உண்டு. நானும் பல இரவு கேட்டுக்கொண்டதுதான். அண்ணனே ஓ.டி. கேட்டார் அல்லவா? கேட்டார். "இந்த வாரமும் இருந்தா என் பேரைப் போடு தம்பி" என்று அவரே வந்து சொல்வார். மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கடன், மோட்டார் சைக்கிள் தவணை. சிப் கேட்பதில்லை. அது கேட்காததால்தான் எல்லாம் என் பொறுப்பு. மனிதர் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் பொறுப்பு அவரிடம் போய்விடாதா?

கொஞ்சம் போகும் என்றுதான் நினைக்கிறேன். அவரை வாயில்லாத சிப்பாக்கி, அவருக்காக நான் மட்டும் அழுவதும் ஒரு வகை அவமரியாதைதான். ஆனால் முழுவதும் போகாது. ஏன் என்றால் அவர் கேட்டது பணம். ஓ.டி. என்பது அந்தப் பணம் வருகிற ஒரே கதவு. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அளக்கிற கருவி அவரிடம் கிடையாது, களைத்தவருக்குத் தன் களைப்பு சரியாகத் தெரியாது. 0.5-இல் நிற்கிற மையத்துக்குத் தான் 0.5-இல் நிற்பது தெரியாத மாதிரி. அதைப் பார்க்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த இருக்கைக்குத்தான் எனக்கு அவரைவிட இரண்டு மடங்கு சம்பளம். இன்னொன்றும் இருக்கிறது. 100 பாகையைத் தொட்டால் பிராசசர் யாரையும் கேட்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை அதற்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்காக அதன் போனஸில் யாரும் கை வைப்பதில்லை.

ஏழு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஓர் இரவு ஏதோ கோப்பைத் தேடும்போது அந்தப் படிவம் கண்ணில் பட்டது. 'பொருந்தாது', 'பொருந்தாது'. என் கையெழுத்து நன்றாகவே இருந்தது. அடுத்த நாள் மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் எழுதினேன். நான்காவது கட்டத்தில் வர வேண்டியது இது, ஐந்தாவதில் வர வேண்டியது இது, இரண்டும் என் முடிவுகள் என்று எழுதி, ஓ.டி. தாள்களையும் இணைத்தேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அன்று மாலைதான் வீட்டுக்கு வந்து 50-ஐ 43 ஆக்கினேன். அந்த எண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதில் பிராயச்சித்தம் எதுவும் இல்லை. சிப்பை இறக்குவது சுலபம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வழக்கு மூடப்பட்டுவிட்டது, திறக்க இயலாது. எச்சரிக்கைக் கடிதம் பன்னிரண்டு மாதத்தில் தானாகக் காலாவதியாகும். எனினும் என் கருத்தை ஏற்று, எங்கள் பிரிவில் இனி யாருக்கும் மாதத்துக்கு 60 மணிக்கு மேல் ஓ.டி. கிடையாது.

நேற்று ஷிப்ட் முடிகிற நேரம் கேண்டீனில் அண்ணனைப் பார்த்தேன். கோப்பி வாங்கிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், மூன்றாவது ஏன், இழுப்பறை, மின்னஞ்சல். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். படிவத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "நான்தானே எழுதினேன் தம்பி, என் கைதானே."

பிறகு கோப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அறுபது மணிதானா இனிமே?"

"ஆமாண்ணே."

"மாசம் அறுநூறு எழுநூறு வெள்ளி போச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"எழுதுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

வெளியே பிறை பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதிக் கோப்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.